பன்னிரண்டாவது கேசட்

சிட்டு,

இன்று காலை கீழே இருக்கும் கடையில் ஒரு செலோடேப் வாங்கினேன். நகத்தால் முனையைக் கிளப்பி இழுத்தேன். அந்தச் சத்தமும் பசை வாசனையும் போதுமாக இருந்தது, நீ எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டாய். கேசட்டுகளுக்குப் பேப்பர் ஒட்டிய ஞாயிற்றுக்கிழமைகளில் நம் வீடு முழுக்க இந்த வாசனைதான் இருக்கும். நீ போய் ஐந்து வருஷம் ஆகிறது. இத்தனை நாளும் நான் செலோடேப் வாங்கியதில்லை. வேண்டும் என்றால் பக்கத்து வீட்டில் ஒரு துண்டு கேட்டு வாங்கிக்கொள்வேன்.

இன்று வாங்கியதற்குக் காரணம் இருக்கிறது. அதை உன்னிடம்தான் சொல்ல வேண்டும். ரப்பர் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் நாலாம் வகுப்போடு நின்றவள் எழுதுகிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்.

அப்போதெல்லாம் "உன் மகள் என்ன படிக்கிறாள்?" என்று யாராவது என்னைக் கேட்டால் "கம்ப்யூட்டர்" என்று சொல்லிவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விடுவேன். அதற்கு மேல் எனக்குத் தெரியாது. ஒரு நாள் நீதான் என் தையல் மிஷினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து விளங்க வைத்தாய். கம்ப்யூட்டருக்கு வேலை சொல்லி எழுதி வைப்பது புரோகிராம். எழுதியவர் எழுதி முடித்துவிட்டு வேறு கம்பெனிக்குப் போய்விடுவார். அடுத்து வருகிறவர் அதைத் திருத்த வேண்டும். திருத்துவதற்கு முன்னால் படித்துப் புரிந்துகொள்ள வேண்டும். ஏன் இப்படி எழுதினாய் என்று கேட்க ஆள் இருக்காது. அந்த நேரத்தில் படிக்கிறவருடைய மண்டைக்குள் என்ன நடக்கிறது, அதைத்தான் மா நான் ஆராய்ச்சி பண்றேன் என்றாய்.

"அடுத்தவ தச்ச பிளவுஸ ஆல்டர் பண்ற மாதிரியா?" என்று கேட்டேன்.

நீ பேனாவை எடுத்து அதை எழுதிக்கொண்டாய். "இத எங்க ப்ரொபசர்கிட்ட சொன்னா, என்னை வெளிய அனுப்பிட்டு உன்ன சேத்துக்குவாங்க மா."

"சேத்துக்கட்டும். கேன்டீன் சாப்பாடு நல்லா இருக்குமா?"

பிரிக்பீல்ட்ஸ் துணிக்கடைக்கு ஆல்டர் வேலை செய்து கொடுத்துத்தான் உன்னை வளர்த்தேன். அதனால் உன் ஆராய்ச்சியில் எனக்கு விளங்கிய ஒரே இடம் அதுதான்.

மண்டைக்குள் நடப்பதை எப்படிப் பார்ப்பது? அதற்கும் ஒரு வழி வைத்திருந்தாய். ஓரத்தில் ஓட்டை போட்ட நீளப் பேப்பரில் ஒரு புரோகிராமை அடித்துக் கொடுப்பாய். அதில் ஒரு தவறு இருக்கும். வந்தவர் அதைத் தேடிக்கொண்டே, மனதில் என்ன தோன்றுகிறதோ அதை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். டேப் ஓடிக்கொண்டிருக்கும். நீ உதவி செய்யக் கூடாது, சரி தப்பு சொல்லக் கூடாது, தலையைக்கூட ஆட்டக் கூடாது. அவர் பேச்சு நின்றால் மட்டும் ஒரே ஒரு வார்த்தை சொல்லலாம். நம் ஆட்களிடம் "பேசிக்கிட்டே இருங்க" என்பாய். மற்றவர்களிடம் அதையே மலாயில் "தெருஸ் சாக்காப்" என்பாய். அதற்கு மேல் ஒரு சொல் கிடையாது.

முதலில் பழகிப் பார்க்க என்னையே பிடித்தாய். செராஸிலிருந்து ஓர் அம்மா கொண்டுவந்திருந்த ரவிக்கை என் மடியில் இருந்தது. யாரோ தைத்தது, லூஸ் பண்ண வேண்டும். நீ டேப்பைத் தட்டிவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாய்.

"மொதல்ல உள்பக்கம் திருப்பணும். உள்ள எவ்வளவு துணி விட்டிருக்கான்னு பாக்கணும். விடவே இல்ல பாரு, கஞ்சப் பொம்பள. இங்க எதுக்கு ரெண்டு தையல் போட்டா? தெரியல."

"பேசிக்கிட்டே இரு மா."

"என்னத்த பேச? வாயில ஊசி வச்சிருக்கேன்."

நீ உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டாய். நான் ஊசிகளை எடுத்துவிட்டுப் பேச ஆரம்பித்தேன். கை ஒரு வேலையில் இருந்தால் வாய் தன்பாட்டுக்கு எங்கெங்கோ போய்விடுகிறது, சிட்டு. அக்குள் தையலில் ஆரம்பித்தவள் உன் அப்பாவில் வந்து நின்றேன். அவருக்கு நெஞ்சு வலி வந்த அன்று நான் ஒரு கல்யாணப் பெண்ணின் ரவிக்கையை முடித்துக் கொடுத்துவிட்டுத்தான் ஆஸ்பத்திரிக்குப் போனேன். மூன்று நாள் அங்கே வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன், அவர் வீடு திரும்பவில்லை. இதையெல்லாம் யாரிடமும் சொன்னதில்லை. "இன்னொரு தடவ அந்த பெஞ்சில உக்கார என்னால முடியாது. அதுக்கு முன்னாடி நான் போயிடணும்" என்றும் சொன்னேன். பிறகு நூலைப் பல்லால் கடித்து அறுத்தேன். நீ டேப்பை நிறுத்தினாய்.

"இத யாருக்கும் போட்டுக் காட்டிடாத" என்றேன்.

"இப்பவே அழிச்சிடறேன் மா." என் கண் முன்னாலேயே ரீவைண்ட் பண்ணி, சிவப்புப் பொத்தானை அமுக்கி, அது ஓடி முடியும்வரை பக்கத்திலேயே இருந்தாய். கேசட்டிலிருந்து அது போய்விட்டது. உன்னிடமிருந்து போகவில்லை என்று எனக்கு அப்போது தெரியாது.

பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் ஆட்கள் வந்தார்கள். பேங்கில் வேலை செய்கிறவர்கள், இன்சூரன்ஸ்காரர்கள், கிள்ளான் துறைமுகத்தில் கப்பல் கணக்கைக் கம்ப்யூட்டரில் பார்க்கிறவர்கள். பன்னிரண்டு பேர். எல்லோரிடமும் ஒரு சம்மதப் பாரத்தில் கையெழுத்து வாங்கினாய், நீயும் போட்டுக் கொடுத்தாய். உன்னைத் தவிர வேறு யாரும் இந்த டேப்பைக் கேட்கக் கூடாது, படிப்பு முடிந்ததும் அழித்துவிட வேண்டும் என்று அதில் எழுதியிருந்தது. அதனால்தான் ஆள் வந்ததும் டீ கொடுத்துவிட்டு நான் மிஷினை நிறுத்துவேன், செருப்பை மாட்டிக்கொண்டு கீழே போய்விடுவேன். வீட்டுக்குப் பின்னால் ஓடும் ரயில் சத்தம் டேப்பில் விழுந்தால் ஒன்றும் செய்ய முடியாது. மிஷின் சத்தத்தையாவது நிறுத்தலாம் அல்லவா? படிக்கட்டில் உட்கார்ந்து பொத்தான் தைத்துக்கொண்டிருப்பேன். அவர்கள் இறங்கிப் போன பிறகு மேலே வந்து உனக்கு உதவி செய்வேன். ஆள் ஒன்று, ஆள் இரண்டு என்று பேப்பர் ஒட்டுவது, கேசட்டின் தலையில் இருக்கும் இரண்டு சின்னப் பல்லை உடைப்பது. அதை உடைத்துவிட்டால் அதன்மேல் யாரும் தவறிப்போய்ப் பாட்டுப் பிடிக்க முடியாது என்று சொல்லிக் கொடுத்தாய். என் ஊசி முனையால் இருபத்து நாலு பல்லையும் நானேதான் உடைத்தேன்.

நீ கண்டுபிடித்ததில் ஒன்று மட்டும் எனக்கு மறக்கவில்லை. புரோகிராமுக்குள் ஒவ்வொன்றுக்கும் எழுதியவர் ஒரு பேர் வைத்திருப்பார். நீ வேண்டுமென்றே ஓர் இடத்தில் "வயது" என்று பேர் வைத்து, உள்ளே ஆள் வேலைக்குச் சேர்ந்து எத்தனை வருஷம் என்பதை வைத்திருந்தாய். தவறு அங்கேதான். அனுபவம் உள்ளவர்கள்தான் முதலில் அதில் விழுந்தார்கள். "பேரு நல்லா இருந்தா உள்ள பாக்கவே மாட்டேங்குறாங்க மா. வயசுன்னு போட்டிருக்கு, அப்ப வயசுதான்னு தாண்டிப் போயிடுறாங்க. புதுசா வந்தவங்க பயந்து பயந்து ஒவ்வொண்ணா திறந்து பாக்குறாங்க, அவங்க புடிச்சிடுறாங்க."

நான் சிரித்தேன். லேபிளில் முப்பத்தாறு என்று இருந்தாலும் டேப் வைத்து அளக்காமல் கத்தரிக்கோலை எடுக்காதவள் நான் என்று பெருமையாகச் சொன்னேன். நீ நெற்றியைத் தேய்த்துக்கொண்டிருந்தாய்.

அந்தச் சமயத்தில் நீ அடிக்கடி நெற்றியைத் தேய்த்தாய். தலைவலி என்றாய். இரவெல்லாம் டேப்பைக் கேட்டு வார்த்தை வார்த்தையாக எழுதுகிறாயே, தலை வலிக்காமல் என்ன செய்யும் என்றேன். தைலம் தேய்த்துவிட்டேன். கண்ணாடியை மாற்றச் சொன்னேன், மாற்றினாய். காலையில் சாப்பாடு வேண்டாம் என்றாய், நேரமாகிவிட்டது என்று நினைத்தேன். தலைவலி என்று நீ பேர் வைத்தாய். நான் உள்ளே திருப்பிப் பார்க்கவில்லை.

ஒரு புதன்கிழமை மினி பஸ்ஸுக்கு நின்ற இடத்தில் விழுந்துவிட்டாய். கீழ்க்கடைக்குப் போன் வந்தது. நான் மடியில் இருந்த துணியை அப்படியே தரையில் போட்டுவிட்டு ஓடினேன், இந்தத் தடவை எதையும் முடித்துக்கொண்டு போகவில்லை. அதே ஆஸ்பத்திரி. பெஞ்சுக்கு மட்டும் பச்சை பெயிண்ட் அடித்திருந்தார்கள். மூளையில் கட்டி என்றார் டாக்டர். இது ரொம்ப நாளாக இருந்திருக்கிறது, வாந்தி எடுத்தாளா, பார்வை மங்கலாக இருக்கிறது என்று சொன்னாளா என்று கேட்டார். "தலைவலி மட்டும்தான் டாக்டர், படிக்கிற புள்ள" என்றேன். அவர் எழுத ஆரம்பித்தார். இரண்டு நாள் நீ கண் திறக்கவில்லை. மூன்றாம் நாள் விடியும்போது முடிந்துவிட்டது.

பதினாறு முடிந்த பிறகு உன் ப்ரொபசர் அம்மா வந்தார். எனக்குப் புரிய வேண்டும் என்று மலாயில் மெதுவாகப் பேசினார். உன் பேப்பர் கட்டுகளை எடுத்துக்கொண்டார். வேறு ஒரு மாணவர் இதைத் தொடரலாம் என்றார். தொடர்ந்தார்களா என்று எனக்குத் தெரியாது, யாரும் வந்து சொல்லவில்லை. கேசட்டுகளை என்னிடமே விட்டார். பாரத்தைக் காட்டி, உங்கள் மகள் வாக்குக் கொடுத்திருக்கிறாள், நீங்களே அழித்துவிடுங்கள் என்றார். தலையை ஆட்டினேன்.

அழிக்கவில்லை, சிட்டு. கேட்டேன். உன்னைத் தவிர யாரும் கேட்கக் கூடாது என்று எழுதியிருந்ததை நான் கேட்டேன். அவர்கள் பேசியது எனக்கு வேண்டாம், ஓட்டிவிடுவேன். உன் குரல் வருகிற இடத்துக்காக ஓட்டி ஓட்டி நிறுத்துவேன். ஒவ்வொரு கேசட்டிலும் நீ அதே ஒன்றைத்தான் சொல்கிறாய். பேசிக்கிட்டே இருங்க. தெருஸ் சாக்காப். உன் சிரிப்பு இல்லை, கோபம் இல்லை, என்னைக் கூப்பிடும் குரல்கூட இல்லை. நம் வீட்டில் வேறு எதிலும் உன் குரல் இல்லை. நமக்கு ஏது வீடியோ?

பதினொன்றைக் கேட்டுவிட்டு ஒன்றை வைத்துவிட்டேன். ஆள் பன்னிரண்டு. அதைக் கேட்காமல் இருக்கும்வரை நீ என்னிடம் இன்னும் சொல்லாத பேச்சு கொஞ்சம் மிச்சம் இருக்கிறது என்று ஓர் ஆறுதல். அரிசி டின்னுக்குப் பின்னால் ஐந்து வருஷம் இருந்தது.

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கதவு தட்டும் சத்தம் கேட்டது. ஹெல்மெட்டைக் கையில் பிடித்தபடி ஒருவர் நின்றார்.

"யாரு தம்பி?"

"ஞாபகம் இல்லையா ஆன்டி? பண்டமாரான்லேர்ந்து வந்தேனே, மிஸ்கிட்ட டேப்புல பேச. பைக்க பூட்டுனியா, இங்க திருட்டு ஜாஸ்தின்னு சொல்லி அனுப்புனீங்க."

உள்ளே வந்தார். சுவரில் உன் படத்தைப் பார்த்ததும் ஹெல்மெட்டைக் கீழே வைத்தார். "போன மாசந்தான் ஆன்டி தெரியும். கூட வேல செய்யிற ஆளு சொன்னாரு. நான் மிஸ் படிப்ப முடிச்சிட்டு வெளிநாடு போயிருப்பாங்கன்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன்."

டீ போட்டுக் கொடுத்தேன். கொஞ்ச நேரம் கழித்து, "அந்த டேப்பெல்லாம் இன்னும் இருக்கா ஆன்டி?" என்று கேட்டார்.

"அதெல்லாம் அப்பவே அழிச்சாச்சு தம்பி." பொய் எவ்வளவு சுலபமாக வந்தது.

அவர் முகம் தெளிந்தது. "நல்லதா போச்சு லா. அந்த புரோகிராம பாத்தவொடனே எங்க பாஸ் ஞாபகம் வந்து, அந்த ஆள கண்டபடி திட்டிட்டேன். மனசுல வர்றத சொல்லச் சொன்னாங்க, அதான் வந்துச்சு. இப்ப அவரு என் மாமனாரு ஆன்டி."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நீ இருந்திருந்தால் பாயில் உருண்டிருப்பாய்.

ஆனால் அவர் எழுந்து போகவில்லை. காலி கிளாஸைக் கையில் உருட்டிக்கொண்டே இருந்தார். "ஆன்டி, ஒண்ணு சொல்லணும். சொல்லக் கூடாதுன்னு மிஸ் கேட்டுக்கிட்டாங்க. அன்னைக்கே அவங்களுக்கு முடியல. மேசையில தலைய வச்சிட்டாங்க. எழுத்து ரெண்டா தெரியுதுன்னாங்க. நான் கீழ எறங்கி வந்தப்ப நீங்க படியில பொத்தான் தச்சுக்கிட்டு இருந்தீங்க. நின்னு பாத்தேன். சொல்லாம போயிட்டேன்."

"நீ என்ன பண்ணுவ தம்பி" என்றேன். வேறு என்ன சொல்ல? அவருக்கும் அது ஒரு மாதமாகத் தொண்டையில் நின்றிருக்கிறது. பைக்கைப் பார்த்து ஓட்டு என்று சொல்லி அனுப்பினேன்.

பதினொரு கேசட்டிலும் அப்படி எதுவும் இல்லை, ஆள் பன்னிரண்டு இவர்தான். கதவைச் சாத்திவிட்டு அரிசி டின்னை நகர்த்தினேன்.

முதலில் என் மிஷின் சத்தம். பிறகு நீ. "மா, மிஷின நிறுத்து மா." தூரத்தில் என் குரல், "இந்த ஒரு கைய முடிச்சிடறேன்." மறுபடியும் நீ, "மா." மிஷின் நிற்கிறது. செருப்பு, கதவு, படியில் நான் இறங்குவது. பதினொரு கேசட்டில் தேடியும் கிடைக்காத குரல், என்னைக் கூப்பிடும் குரல், இதில் இருந்தது. நான் நிறுத்தி நிறுத்தி அதையே கேட்டேன். பிறகு விட்டுவிட்டேன், ஓடட்டும் என்று.

அவர் படிக்கிறார். "வயசுன்னு பேரு வச்சிருக்கான், அப்ப இது வயசுதான்" என்கிறார். பாஸைத் திட்டுகிறார். ஒரு ரயில் போகிறது. அவர் பேச்சு நிற்கிறது. இந்த இடத்தில் நீ சொல்ல வேண்டும், சொல்லவில்லை. டேப் மட்டும் இரைகிறது.

"மிஸ்? என்னாச்சு மிஸ்?"

"ஒண்ணுமில்ல. பேசிக்கிட்டே இருங்க."

"எத்தன நாளா இப்படி இருக்கு?"

"ரெண்டு மூணு மாசமா. சில நேரம் எழுத்து ரெண்டா தெரியுது."

"அம்மாகிட்ட சொன்னீங்களா?"

உன் குரல் தாழ்ந்தது. "இன்னொரு தடவ ஆஸ்பத்திரி பெஞ்சில உக்கார முடியாதுன்னு எங்கம்மா ஒரு தடவ சொன்னாங்க. இந்த டேப்பு வேல முடியட்டும். நானே போயி பாத்துக்கிட்டு, ஒண்ணும் இல்லன்னு தெரிஞ்சப்புறம் சொல்லிக்கிறேன். நீங்களும் சொல்லிடாதீங்க."

அந்த ஒரு வாரம் நான் துணிக்கடை வேலை எதையும் தொடவில்லை. அவர் நின்று பார்த்தார், சொல்லவில்லை என்று அவர்மேல் கோபப்படவா? டாக்டர்மேலா? நீ பழகிப் பார்க்க என்னைப் பேச வைத்தாய். நான் பேசினேன். அந்தப் பேச்சை வைத்தே நீ உன் வாயைப் பூட்டிக்கொண்டாய்.

பிறகு இன்று காலை செலோடேப் வாங்கினேன். அந்தத் தம்பியிடம் அழித்தாச்சு என்று சொல்லிவிட்டேன், அதை உண்மையாக்க வேண்டும். நீ கையெழுத்துப் போட்ட பாரமும் இருக்கிறது. நான் சொன்ன மாத்திரத்தில் என் பேச்சை நீ அழித்தாய், மற்றவர் பேச்சை நான் ஐந்து வருஷம் வைத்திருந்தது தப்பு. பல் உடைத்த ஓட்டைகளின்மேல் ஒவ்வொன்றாக ஒட்டினேன். ஒட்டினால் மறுபடி அதன்மேல் பிடிக்கலாம் என்று நீதான் சொல்லியிருந்தாய். டேப் பெட்டியை மிஷின் பலகையிலேயே வைத்து, இரண்டு பொத்தானையும் சேர்த்து அமுக்கிவிட்டு, தேங்கிக் கிடந்த ஆல்டர் வேலையை எடுத்துத் தைக்க உட்கார்ந்தேன். வேறு என்ன செய்வது? ஒவ்வொரு பக்கமும் அத்தனை நேரம் ஓடுகிறது, கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தால் எனக்குப் பைத்தியம் பிடித்துவிடும். ஆக, நீ நிறுத்தச் சொன்ன மிஷின் சத்தம்தான் இப்போது ஒவ்வொரு கேசட்டிலும் ஏறுகிறது. ஒரே நாளில் முடியவில்லை. இன்றைக்கு நாலு, மற்றது இந்த வாரத்துக்குள் முடிந்துவிடும்.

பன்னிரண்டாவதை மட்டும் முதலிலேயே முடித்துவிட்டேன், தள்ளிப்போட்டால் மனசு மாறிவிடும் என்று. அதில் ஆரம்பத்தைத் தொடவில்லை. "மா, மிஷின நிறுத்து மா" என்பதும், நான் சொன்னதும், மறுபடி நீ கூப்பிட்டதும் அவர் பேச்சில்லை, அது நமக்குள் நடந்தது. அதை வைத்துக்கொள்ள நான் யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. என் செருப்புச் சத்தம் படியில் போய்த் தேய்ந்ததும் சிவப்புப் பொத்தானை அமுக்கினேன். இப்போது அதைப் போட்டால் நீ மிஷினை நிறுத்தச் சொல்கிறாய், மிஷின் நிற்கிறது, நான் இறங்கிப் போகிறேன், அப்புறம் ஒரு சின்ன இடைவெளி, பிறகு கடைசிவரை மிஷின்தான் ஓடுகிறது.

அந்த இடைவெளியில்தான் நான் திரும்பத் திரும்பப் போய் நிற்கிறேன், சிட்டு. நீ பன்னிரண்டு பேரைப் பேச வைத்தாய், என்னையும் பேச வைத்தாய், ஒருவர் பேச்சு நின்றால் உனக்குத் தெரிந்துவிடும். உன் பேச்சு நின்றபோது உன் எதிரே உட்கார்ந்து அந்த ஒரு வார்த்தையைச் சொல்ல ஆளில்லை. நான் கீழே பொத்தான் தைத்துக்கொண்டிருந்தேன். ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை செருப்பை மாட்டாமல், கையில் துணி எதுவும் இல்லாமல், உன் முகத்தைப் பார்த்துக்கொண்டு, "பேசிக்கிட்டே இரு" என்று நான் உனக்குச் சொல்லியிருந்தால், என்னிடம் சொல்லியிருப்பாயா?